மேட்டைப் பார்த்து நின்ற வண்டி

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. நீலமும் மஞ்சளுமாக, பார்க்க அழகாகவே இருந்தது. உங்கள் வண்டி நின்ற இடம். பழைய இரும்புக்காரர் அதை இழுத்துக்கொண்டு போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது, மண் இன்னும் எண்ணெயைக் கக்கிக்கொண்டிருக்கிறது. உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடக் கூடாதென்று, பட்டறையில் வீணாகும் கறுப்பு எண்ணெயை வாங்கி வந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூசுவீர்களே, அந்த எண்ணெய். உங்கள் தலைக்குக்கூட நீங்கள் இவ்வளவு செலவழித்ததில்லை.

சுனாமி வந்து சில வருடம் ஆகியிருந்தது. போர்ட் பிளேர் பக்கம் நம் சிப்பிகாட்டில் வயலுக்குள் ஏறிய கடல் இறங்கவே இல்லை. தென்னைகள் உப்புத் தண்ணீரில் நின்றபடி செத்துக்கொண்டிருந்தன. போக இடம் உள்ளவர்கள் போனார்கள், நாம் இருந்தோம். எனக்கு அபர்டீன் பஜாரில் தையல் கடை. உங்களுக்கு ஒரு கான்ட்ராக்டரின் சிமென்ட் கிடங்கில் வேலை. சூம்பிய இடது காலை வைத்துக்கொண்டு நான் தினமும் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று சொல்லித்தான் அந்த வண்டியை வாங்கினீர்கள். நானும் நம்பினேன்.

டாக்சியாக ஓடி ஓய்ந்த வண்டி. லம்பா லைன் பட்டறை மிஸ்திரி, அந்த வங்காளிக்காரர், பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அண்ணி முறை வைத்து என்னிடம் சொன்னார்: “பாபி, இது புட்டா காடி. மீட்டர் எத்தன ரவுண்ட் அடிச்சு திரும்ப ஜீரோக்கு வந்துச்சோ, பகவானுக்குத்தான் மாலும்.” கிழட்டு வண்டி என்று அவர் மரியாதையாகச் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து மரியாதை இல்லாமல் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நீங்களும் மிஸ்திரியும் அந்த வண்டியும்தான். கிளட்ச் மாற்றினீர்கள், பிரேக் மாற்றினீர்கள், புது பாட்டரி வந்தது. சாவி திருப்பினால் இன்ஜினை எழுப்புகிற செல்ஃப் மோட்டாரை எத்தனை முறை கழற்றி மாட்டினீர்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் உட்காரும் பக்கத்துக் கதவுக்கு கிரீஸ் போட்டுப் போட்டு, ஒரு விரலால் இழுத்தால் திறக்கும்படி செய்தீர்கள். ஆனால் கண்ணாடி மேலே ஏறாது. வைப்பர் அசையாது. மழைக்காலத்தில் காருக்குள் குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போன பெண்பிள்ளை இந்தத் தீவிலேயே நான் ஒருத்திதான்.

வண்டியை நிறுத்தும் விஷயத்தில் மிஸ்திரிக்கும் உங்களுக்கும் தகராறு. வாசலை ஒட்டிய ரோடு ஒரு பக்கம் பள்ளத்துக்கு இறங்குகிறது, மறுபக்கம் மேடு ஏறுகிறது. முகத்தைப் பள்ளத்துப் பக்கம் வைத்து நிறுத்தினால், செல்ஃப் காலை வாரினாலும் உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றார் அவர். பழைய வண்டி வைத்திருக்கும் எவனும் அப்படித்தான் செய்வான். நீங்கள் மட்டும் தினமும் மெனக்கெட்டுத் திருப்பி, மேட்டைப் பார்த்து நிறுத்தினீர்கள்.

“அவசரத்துல திருப்பிக்கிட்டு நிக்க நேரம் இருக்காது தானே,” என்றீர்கள்.

எந்த அவசரம் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டது ஒரு மழை நாளில், பஜாருக்குப் போகும் வழியில், நனைந்த புடவையோடு. “ஏங்க, இந்தக் கண்ணாடியச் சரி பண்ணாம அந்த செல்ஃபுக்கே கொண்டு போய்க் கொட்டுறீங்களே, உங்களுக்குப் பைத்தியமா?”

வண்டியை ஓரம் கட்டினீர்கள். கச்சால் தீவில் உங்கள் அம்மாவும் தம்பியும் போன கதை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சாலுக்கு ரப்பர் வெட்ட வந்த குடும்பம். நீங்கள் வேலை தேடி போர்ட் பிளேர் வந்துவிட்டதால் தப்பித்தீர்கள், அவர்கள் இருவரும் அலையோடு போனார்கள். இவ்வளவுதான் சொல்லியிருந்தீர்கள். மீதியை அன்றைக்குச் சொன்னீர்கள்.

“தம்பி ஒத்தையா ஓடியிருந்தா பொழைச்சிருப்பான் புள்ள. அம்மாவுக்கு முட்டிவலி, நடக்க ஏலாது. தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருக்கான். பாத்தவங்க வந்து சொன்னாங்க. பாதி மேடு ஏறிட்டானாம். ஒரு காடி இருந்திருந்தா ரெண்டு பேரும் இருப்பாங்க.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சுமை என்று யாராவது நினைத்துவிடக் கூடாதென்றே பிறந்ததிலிருந்து வாழ்ந்தவள் நான்.

“அப்ப நானும் தோள்ல போடுற சுமைதானா உங்களுக்கு?”

“சுமைன்னு யாரு சொன்னா? கூட்டிட்டுப் போகணும்னுதானே சொல்றேன்.”

அதற்குப் பிறகு நான் கண்ணாடியைப் பற்றிப் பேசியதில்லை. காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது அடுப்படியில் நின்று காது கொடுப்பேன். முதல் திருப்பலிலேயே கிளம்பினால் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அன்றைக்கு நீங்கள் தேத்தண்ணியை ருசித்துக் குடிப்பீர்கள்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. தரை ஆடத் தொடங்கி நிற்கவே இல்லை. பாத்திரங்கள் எல்லாம் கீழே. என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள், கதவு ஒரு விரலில் திறந்தது, வண்டி முதல் திருப்பலில் கிளம்பியது. கடல் வரப்போகிறது என்று ரோடெல்லாம் கத்தல். நீங்கள் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். இத்தனை வருடமாக அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வண்டிக்கு அடியில் கிடந்தீர்கள்.

மேடு ஏறும் இடத்தில் எல்லாம் முடிந்தது. குறுக்கே ஒரு லாரி நின்றுபோயிருந்தது. முன்னால் ஜீப், ஆட்டோ, கார் என்று வண்டியாக நின்றது, நமக்குப் பின்னாலும் வந்து அடைத்துக்கொண்டார்கள். வண்டி இல்லாதவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கதவை உரசியபடி நடந்து மேலே போனார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“இறங்கு புள்ள,” என்றீர்கள்.

என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தீர்கள். எறக்கி விடுங்க, நான் நடக்கிறேன் என்று எவ்வளவு சொன்னேன். பேசாதே என்றீர்கள். உங்கள் மூச்சு என் வயிற்றில் இடித்தது. பாதி மேட்டில் ஒரு கணம் நின்றீர்கள். எனக்குச் சொல்லவில்லை, யாருக்குச் சொன்னீர்களோ:

“தம்பிக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்.”

அன்றைக்குக் கடல் வரவில்லை. பொழுது சாயும்வரை மேலே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தால், வண்டி இரண்டு கதவும் திறந்தபடி நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் அணைக்க மறந்திருந்தீர்கள். அணைத்தீர்கள். “காடி இருந்தாலும் இவ்வளவுதான்,” என்றீர்கள். உங்கள் குரலில் அதற்குப் பிறகு ஏற்றம் இறக்கம் எதையும் நான் கேட்டதில்லை.

அதோடு சரி. என்னைக் கடையில் கொண்டுவிட மட்டும் எடுத்தீர்கள், எண்ணெய் பூசுவதை விட்டுவிட்டீர்கள். எப்படி நிறுத்தினோம் என்று பார்ப்பதும் இல்லை. அடித் தகரம் பொத்துக்கொண்டு, என் காலடியில் ரோடு தெரிந்தது. மிஸ்திரி வந்து கூப்பிட்டும் நீங்கள் எழுந்து போகவில்லை. தைரியம் சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஏறாது என்று எனக்கும் தெரியும். நீங்கள் நம்பியது பொய் என்று நானும் அந்த மேட்டில் பார்த்துவிட்டேனே.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது கடல் இல்லை. ஒரு சாதாரணக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பக்கத்து வீட்டு ஆட்டோ டவுனுக்குள் நுழையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் மறுபடியும் தரை ஆடியது. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண், ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை கையில், ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். “சலோ அக்கா, ஜல்தி, நான் பிடிச்சுக்கிறேன்.” பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடு என்று அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இனி யார் தோளிலும் நான் ஏறமாட்டேன். உங்கள் தம்பியை நினைத்துத்தான் இப்படி.

கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பயமாகத்தான் இருந்தது. உங்கள் முதுகு வேண்டும்போல் இருந்தது.