பரிசல்காரர் கேட்ட கேள்வி

என் பேத்தியின் போனில் ஒரு சாகச விளையாட்டு. அதில் வரும் கோட்டைக் காவல்காரனோடு வாயாடிக்கொண்டிருந்தாள். "இது ஏஐ, பாட்டி. நாம பேசறத வெச்சே கத்துக்குது" என்றாள். சிநேகிதி, நீ இருந்திருந்தால் போனைப் பிடுங்கியிருப்பாய். எனக்கு நம் பரிசல்காரர் நினைவு வந்தது.

எண்பதுகளில் பென்னாகரத்தில் நீ கணக்கு டீச்சர், நான் அறிவியல். பள்ளிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டரை யாரும் சீண்டாததால் அது நம் கைக்கு வந்தது. நீ அதில் ஒரு விளையாட்டு எழுதினாய். காட்டைத் தாண்டி வந்து, பரிசல்காரரிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, காவிரியைக் கடக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். "எப்பவும் ஒரே பதிலச் சொன்னா அவரு மனுசனாடி? கத்துக்கணும்" என்பாய். பிடித்தால் விடமாட்டாய் நீ.

அதற்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பரிசல்காரராக உட்கார வைத்தாய். புது ஆளிடம் நம் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள்: "எந்த ஊருங்க? எந்தத் தெருவு?" பயணியாக விளையாடிய பிள்ளையின் பதிலைப் பார்த்து, ஏற்றலாம் அல்லது வேண்டாம் என்று தட்டினார்கள். எந்தச் சொல்லுக்கு எது அதிகம் வருகிறது என்று கம்ப்யூட்டர் எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு தானே பேசத் தொடங்கியது. நாம் கைதட்டிச் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை நீயே விளையாட உட்கார்ந்தாய். ஊரைத் தட்டினாய். தெருவைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "காலனி" என்று தட்டினாய். உன் வீடு எங்கே என்று நான் கேட்டபோதெல்லாம், "சர்ச்சுக்குப் பின்னாடி" என்று மட்டும் சொன்னவள் நீ.

"பரிசல்ல எடமில்லைங்க" என்று திரையில் வந்தது.

வேறு தெருவைப் போட்டாய். "ஏறுங்க" என்றது. மறுபடியும் காலனி என்று போட்டாய். எடமில்லைங்க.

"நாம இப்படி ஒண்ணும் சொல்லித் தரலையேடி" என்றேன்.

"அந்தப் புள்ளைங்களுக்கு மட்டும் யாரு உக்கார வெச்சு சொல்லித் தந்தாங்க?" என்றாய். என் முகத்தை நீ பார்க்கவே இல்லை.

"அழிச்சிடலாம்."

"அழிச்சிட்டு? திங்கக்கிழம வேற புள்ளைங்க உக்காரும். அதுங்களும் இதையேதான் தட்டும்."

விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த கேசட்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு அந்த அறைப் பக்கமே நீ வரவில்லை. கடைசிவரை சிநேகிதிகளாகத்தான் இருந்தோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. இப்போது பேச நீ இல்லை.

புது ஆளைப் பார்த்தால் அந்தக் கேள்வி இன்றும் என் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிடுகிறேன். ஆனால் கேட்காமலே, பேரையும் பேச்சையும் வைத்து மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லையடி.