நான் வாசித்த நீர்மோர்ப் பந்தல்

என் அருமை மாப்ள,

தலை குனிந்து எழுதுகிறேன். மதுரை மண்ணில் இந்தத் தலை குனிந்ததாகச் சரித்திரமே கிடையாது. முடிவெட்டுகிறவரிடம்கூட நிமிர்ந்துதான் உட்காருவேன். இன்று கழுத்து வலிக்கக் குனிந்திருக்கிறேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு பேப்பர் வாசிக்கும் மகா பதவியை நான்தான் ஏற்றிருக்கிறேன். என் தங்கச்சிக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, எழுத்து தெரிவதில்லை. தினமும் காலையில் அவள் தடவித் தடவிக் காய் நறுக்க, உன் நாற்காலியில் உட்கார்ந்து நான் முழங்குவேன். செல்லூர்த் தறிகளெல்லாம் என் குரலுக்கு வழிவிட்டு ஓய்ந்துவிடும் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் நீ ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருக்கிறாயே! "அண்ணே, மடிக்கிறதுக்கு முன்னாடி அவுக ஒரு நல்ல சேதி வாசிப்பாக. நீயும் வாசி" என்கிறாள். எங்கே போவேன்? பக்கத்துக்குப் பக்கம் கட்சிச் சண்டை, வசவு, கல்வீச்சு. நீ எப்படித்தான் தினமும் கண்டுபிடித்தாய்?

தேடப் பொறுமையில்லாமல் நானே தயாரித்தேன். அழகர்கோவில் குரங்குகள், பறித்த மூக்குக்கண்ணாடிகளைப் பக்தர்களிடம் திருப்பிக் கொடுத்தன என்று வாசித்தேன். "குரங்குக்கு வந்த புத்தி இந்தப் பயலுகளுக்கு வரலையே" என்று சிரித்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வண்டியூரில் உன் சைக்கிள் கடை வாசலில் இரண்டு தெருவையும் சேர்த்து நீ போடுவாயே, நீர்மோர்ப் பந்தல்? கட்சிக் கொடிக்கம்பத் தகராறில் அது நின்றதைச் சொல்லிச் சொல்லியே நீ மாய்ந்தது அவளுக்குத் தெரியும். போன வாரம் வாசித்தேன்: "பகை மறந்தன இரு தெருக்கள்! வண்டியூரில் மீண்டும் நீர்மோர்ப் பந்தல்!"

காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"நெசமாவாண்ணே?"

"அச்சுல போட்டிருக்கான்ல!"

மறுநாள் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் எவர்சில்வர் குடம், முகமெல்லாம் வேர்வை. உன் பங்குக்கு மோர் கொண்டு போயிருக்கிறாள், மாப்ள. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, என் பொய்யை நம்பி.

"பந்தல் இல்லண்ணே" என்றாள்.

குடத்தை வாங்கக் கை நீட்டினேன்; அவள் விடவில்லை.

"அவுக கடை வாசல்லயே குடத்த எறக்குனேன். வெயில்ல போனவுக வந்து கேட்டாக, ஊத்துனேன். எந்தத் தெரு ஆளுன்னு இந்தக் கண்ணுக்கு எங்கிட்டுத் தெரியுது? யாரோ ஒருத்தர் எனக்குக் குடை பிடிச்சாரு." குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "மோர் தீந்துருச்சு."

"நான் புளுகிட்டேன் தாயி" என்றேன்.

குடத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "இனிமே உள்ளத வாசி. நல்லது இல்லன்னா இல்லன்னு சொல்லு. தாங்கிக்கிருவேன்" என்றாள்.

குடை பிடித்தவர் யார், மாப்ள? எந்தப் பேப்பரில் வரும் அது?

இனி உள்ளதை மட்டும் வாசிப்பேன். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறாளாம். இரண்டாவது குடத்தை நான் தூக்குவேன். யானைகூடத் தூக்கத் திணறும் குடம் என்று எழுதக் கை போய்விட்டது. இல்லை. சாதாரணக் குடம்தான்.

வெட்கத்தோடு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்