முப்பது மில்லிமீட்டர்

1927 ஐப்பசி, வெள்ளி இரவு

ரப்பர் மரத்தில் மாதத்துக்கு முப்பது மில்லிமீட்டர் பட்டை சீவலாம் என்று பிரெஞ்சுத் துரையின் தாளில் இருந்தது. மூன்று சென்டிமீட்டராக மாற்ற வேண்டிய தோட்டத்துக் கணக்கன் நான், பத்தால் இரண்டு முறை வகுத்து 0.3 என்று எழுதித் தொலைத்தேன். அதை வைத்து, மாத எல்லையைக் காட்டும் சாயக்கோட்டை மரங்களில் மூன்று மில்லிமீட்டருக்கே போட்டார்கள்.

“கிராணி ஐயா, இந்தக் கோடு ரெண்டு வெட்டுக்குத்தானே காணும்?” என்றாள் பால்வெட்டும் மாரியாயி.

“கோட்டைத் தாண்டாதே!” என்று எரிந்து விழுந்தேன்.

தாண்டவில்லை. இன்று வெட்டு கோட்டைத் தொட்டதும் கத்தியை வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சோம்பேறி என்று துரை அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

கண்ணை மூடினால் பால் வடியாத மரங்கள் பனியில் மிதந்து வருகின்றன. எல்லாவற்றிலும் என் கோடு.

ஆபீசில் துரை மேசைக்கும் என் மேசைக்கும் மூன்று மீட்டர். மூவாயிரம் மில்லிமீட்டர். சரியாகத்தான் மாற்றுகிறேன். எழுந்து போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் கால் வரவில்லை.