மதினியின் சொல்லாத விண்ணப்பம்

என் உயிருக்கு உயிரான கிரேஸ் மதினிக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் பேசிப் பேசியே காலத்தை ஓட்டிய நமக்குள் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு சேதி சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வந்தது எனக்கும் வந்தது. தீட்டு நின்று பல வருஷம் ஆன பிறகு, போன ஆனி மாதத்தில் எனக்கும் ரத்தம் பட்டது.

பதறாதீர்கள். முழுவதையும் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். குறுக்கே பேசாமல் நீங்கள் எதையும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் தவறிப்போய், ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் நான் வந்து நின்ற நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீங்கள்தான் வந்து பெட்டியை வாங்கினீர்கள். "வாங்க நாத்தனாரே. சண்ட போட ஆளில்லாம வாயி துருப்பிடிச்சுக் கெடந்துச்சு" என்றீர்கள். சொன்னபடியே போட்டோம். குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் சண்டை, கொடியில் யார் சேலையை முதலில் காயப்போடுவது என்பதில் சண்டை. சாயங்காலம் ஆனால் நான் உங்கள் தலைக்குப் பேன் பார்ப்பேன், நீங்கள் என் தலைக்குப் பார்ப்பீர்கள். அப்படி ஒரு சண்டைக்காரி இனி எனக்கு எங்கே கிடைப்பாள்?

நம் பட்டாசுக் கம்பெனி வேனை நினைத்துப் பார்க்கிறேன். ஏழாயிரம்பண்ணைக்குப் போய்ச் சேரும் வரை உங்கள் வாய் ஓயாது. போர்மேன் மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவீர்கள். ஊரில் எந்த வீட்டு மருமகள் எதற்காக அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பது முதல் எல்லாம் அந்த வேனில் அலசப்படும். ஒன்றே ஒன்றைத் தவிர. இடுப்புக்குக் கீழே உள்ள சங்கடம் பற்றிப் பேச்சு வந்தால், அத்தனை பேரும் ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

யாராவது ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாலும், "சூடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பட்டாசு மருந்துக்குப் பக்கத்திலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருப்பதால் உடம்பில் சூடு ஏறிவிடுகிறது என்பது நம் பெண்களின் கணக்கு. வெள்ளைப்படுதலா, சூடு. நீர்க்கடுப்பா, சூடு. நிற்காமல் ரத்தம் போகிறதா, அது பெரிய சூடு. எல்லாவற்றுக்கும் ஊறவைத்த வெந்தயமும் நீர்மோரும். நீங்களும் தினமும் காலையில் வெந்தயத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பீர்கள். மதினிக்குச் சூட்டு உடம்பு என்று நானும் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் நம் சபைக் கோயிலில் வியாழக்கிழமை சாயங்காலத்துப் பெண்கள் சங்கக் கூட்டம். ஒவ்வொருத்தியாக எழுந்து ஜெப விண்ணப்பம் சொல்வோம். மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, வட்டிக்காரன் தொல்லை. பெண்களுக்கு வரும் நோயாக இருந்தால் மட்டும் அதற்குப் பெயர் கிடையாது. "சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியது. போதகரின் மனைவி ஐயரம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டு, "கர்த்தருக்குத் தெரியும்" என்று ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார்.

எல்லா வியாழக்கிழமையும் நீங்கள் அப்படித்தான் எழுந்தீர்கள். அண்ணன் குடியை விட வேண்டும் என்பதற்காகத்தான் என்று நானும் உருகி உருகி ஜெபித்தேன். அண்ணன் குடியை விட்டும் விட்டார். அதற்குப் பிறகும் நீங்கள் சொல்லாத விண்ணப்பத்தை விடவில்லையே மதினி. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்றை நினைத்து உங்களுக்காக அழுதோம். எதற்காக அழுகிறோம் என்று ஒருத்திக்கும் தெரியாது.

பேக்கிங் ஷெட்டில் நீங்கள் மயங்கி விழுந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தீட்டு நின்ற பிறகும் உங்களுக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது என்றும், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றும் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்குத் தெம்பில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். ரத்தம் பட்டதும் என் கை என்ன செய்தது தெரியுமா? வெந்தயத்தைத்தான் ஊறப்போட்டது. மறுநாள் காலை டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். உங்கள் முகம் வந்து நின்றது. அப்படியே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாவதற்கு எனக்கு இஷ்டமில்லை மதினி. யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, சாதித்துக் கிழிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் இஷ்டமில்லை.

அந்த வியாழக்கிழமை என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "எனக்குத் தீட்டு நின்னு வருசமாச்சு. இப்ப திரும்பவும் ரத்தம் படுது. எங்க மதினிக்கும் இப்பிடித்தான் பட்டுச்சு. எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், யாரப் பாக்கணும்னும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ராஜமணிப் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "கோயிலுக்குள்ள வச்சுப் பேசுற பேச்சாத்தா இது?" என்றார். ஐயரம்மா முகம் சிவந்துபோனது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ என் பக்கத்தில் வந்து, "எம்புட்டு நாளா இருக்கு புஷ்பம்?" என்று கேட்டார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "எனக்கும் படுது" என்றது. இன்னொருத்தி, தனக்கு மாரில் ஒரு கட்டி இருக்கிறது என்றாள். அதன் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ராஜமணிப் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு உக்காந்து எந்திரிச்சா கர்ப்பப்பையே வெளிய எறங்குது. கடைசிப் பய பொறந்ததுல இருந்து இப்பிடித்தான்" என்றார். அந்தப் பயலுக்கு இப்போது பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஐயரம்மா தன் போனில் அரசாங்க உதவி எண்ணைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்தார். இளவயசுப் பெண் ஒருத்தி பேசினாள். கூச்சமே இல்லாமல் கேட்டாள், கூச்சமே இல்லாமல் சொன்னாள். "தீட்டு நின்ன பிறகு துளி ரத்தம் பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும்மா. சூடுன்னு விட்டுடாதீங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பாப்பாங்க, காசு கிடையாது" என்றாள். நம் ஊர்ச் சூடு அவளுக்கு எப்படித் தெரிந்ததோ! ஒருவேளை எல்லா ஊரிலும் பெண்கள் இதைத்தான் சொல்கிறார்களோ? போன் கைமாறிக்கொண்டே போனது. "பேரு சொல்ல வேண்டாம்லத்தா?" என்று முதலில் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் சங்கடத்தைச் சொன்னாள். முகம் தெரியாத ஒரு பிள்ளை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நமக்கு வரிசையாகப் பதில் சொன்னது. அன்றைக்கு ஜெபம் பண்ணவே மறந்துபோனோம்.

தெரிந்துகொண்டதும் ஓடினோமா என்றால், இல்லை. தீபாவளி சீசன் ஆயிற்றே. ஆர்டர் குவிந்து கிடந்தது. நாளைக்குப் போவோம், அடுத்த வாரம் போவோம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஒரு காலையில் நல்ல மழை பிடித்தது. மழை என்றால் வேலை கிடையாதே, கம்பெனி வாசலிலேயே வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பெல்லாம் அப்படித் திரும்பும்போது நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவீர்கள். அதை நினைத்தேனோ என்னவோ, டிரைவர் முருகேசன் அண்ணாச்சியிடம், "வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பயந்துபோய்த் திரும்பினார். "யாருக்கு என்ன செய்யுது?"

"எல்லாருக்குந்தான்" என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது. வேனே சிரித்தது. அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல், "இந்த மளையில வேற எங்கன போகப் போறோம், வாங்க" என்று வண்டியைத் திருப்பினார்.

வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்குவதைப் பார்த்த நர்ஸம்மா, ஏதோ வெடிவிபத்து என்று ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டாள். நம் சபைப் பெண்கள் மட்டுமில்லை, வேனில் வரும் மாரியம்மாளும் முத்துலட்சுமியும் கூட உட்கார்ந்தார்கள். சோதனை முடிந்து வந்த ஒருத்தி, "இம்புட்டுத்தானா? இதுக்கா பயந்து செத்தோம்!" என்று அடுத்தவளைத் தள்ளிவிட்டாள். மதினி, உண்மையிலேயே அவ்வளவுதான். கொஞ்ச நேரம். அந்தச் சோதனைக் கட்டிலைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீங்கள் தினமும் வேனில் கடந்துபோன அதே கட்டிடத்தில்தான் அது கிடந்தது.

மாரில் கட்டி என்றவளுக்கு வெறும் கொழுப்புக் கட்டிதான். பெரியம்மாவுக்கு உள்ளே வளையம் மாதிரி ஒன்றை வைத்துவிட்டிருக்கிறார்கள், இப்போது கோயிலில் நிமிர்ந்து உட்காருகிறார். எனக்குத்தான் சரியாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார்கள்.

அரசுக் காப்பீட்டு அட்டைக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அண்ணன்தான் கூட்டிப்போனார். வரிசையில் எங்கள் முறை வந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் என்ன நோய் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "கர்ப்பப்பையில கேன்சர் தம்பி. எந்தங்கச்சிக்கு" என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். உள்பாடி காயப்போட்ட கொடிப்பக்கம் கூட வராத நம் அண்ணன்! சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

வெளியே டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பிறகு, "புஷ்பம், அவ எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சா?" என்று கேட்டார். அது உங்களைக் கேட்ட கேள்வி, மதினி. எப்போதாவது அவர் கனவிலாவது வந்து சொல்லுங்கள்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேன் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கஞ்சியும் ரசமும் கொண்டுவந்தார்கள். முத்துலட்சுமி வைத்த ரசத்தில் உப்பே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் அவளை ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பீர்கள். மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை நர்ஸம்மாவே நம் கூட்டத்துக்கு வந்துவிடுகிறாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடுகிறாளோ இல்லையோ, எங்களுக்கு ரத்தக்கொதிப்பு பார்த்துவிடுகிறாள்.

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். உடம்பில் இப்போது ஒன்றுமில்லை என்றார். இனித் தவணை தவறாமல் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து யாரிடம் முதலில் சொல்லலாம் என்று யோசித்தேன். உங்கள் பெயர்தான் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் ஏக்கமாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன் மதினி: ஒரு தவணையும் தவற விடமாட்டேன், அவசரப்பட்டு அங்கே வரவும் மாட்டேன். எனக்காகப் பக்கத்தில் பாய் விரித்து வைத்திருந்தால், கோபித்துக்கொள்ளாமல் சுருட்டி வைத்துவிடுங்கள்.

இங்கேயே இருக்கும் உங்கள் சண்டைக்கார நாத்தனார்,
புஷ்பம்