வியாழக்கிழமை நோன்பு

ராத்தாவுக்கு என் ஸலாம்.

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வியாழன் உங்கள் புது வீட்டில் முதல் சமையல். எனக்குப் பிடித்த இறால் ஆணத்தோடு சோறு வைத்தீர்கள். “நான் சுன்னத்தான நோன்பு” என்று, கடமையில்லாத அந்த நோன்பை வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

“என்ன புள்ள, பட்டம் எடுத்தா ராத்தாட சோறு இறங்காதா?” என்று சிரித்தீர்கள். “மார்க்கப் பேணுதலான புள்ள” என்றார் உங்கள் மாமி. அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. நீங்கள் என் சோற்றுப் பீங்கானை மூடினீர்கள்.

விருந்து வைத்தவர் மனம் நோகுமென்றால் அந்த நோன்பை விடலாம் என்று எனக்குத் தெரியும். என் நப்ஸை, இந்த மன இச்சையை, அடக்கத்தான் நோன்பு பிடித்தேன். அது நோன்பையே தின்று கொழுத்துவிட்டது.

வரும் வியாழன் நோன்பில்லை. பகல் சோற்றுக்கு வருவேன். அது பேணுதல் இல்லை, பெருமை என்று மாமியிடம் நானே சொல்லிவிடுகிறேன். என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை ராத்தா, சோறு மட்டும் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி