இடுப்புயரப் படி

என்னங்க,

வத்தக்குழம்பு அடுப்பு மேல இருக்கு, அப்பளம் நீங்களே பொரிச்சுக்குங்க. வேனை வீடா மாத்தப்போற கார்பென்டர் பதினோரு மணிக்கு வருவார், டீ ஃபிளாஸ்க்ல இருக்கு.

ரெண்டு பேரும் ஊர் சுத்தத்தான் வேன்னு சொன்னீங்க. என் முட்டி எவ்ளோ உயரம் ஏறும்னு கிச்சன் கதவுல கோடு போட்டதும் நீங்கதான். தாழ்வான சேஸில, படி அந்தக் கோட்டுக்குள்ளயே நிக்கிற ஒரு வேன் இருந்துச்சு. மலையேற இழுவை பத்தாதுன்னு அதைத் தள்ளிட்டு, பெரிய இன்ஜினுக்காக இடுப்புயரப் படி உள்ள வேனுக்கு நேத்து கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க. கேட்டா, "ஸ்டூல் போட்டு ஏறிக்கோ."

முட்டி வைத்தியத்துக்கு அடையாறு போறேன். நான் ஏறணும்னு புது தாழ்தள பஸ்கூட ஸ்டாப்புல சாஞ்சு குடுக்குது.

சுலோச்சனா

சொல்ல மறந்துட்டேன்: கார்பென்டர் கட்டில் அளவு கேப்பார். ஒரு ஆளுக்குச் சொல்லுங்க.