அவள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

மகளின் தண்ணீர் பாட்டிலை எதிரே வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். போன திங்கட்கிழமை இது நிறைந்தபடியே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தது. வழக்கம்போல் திட்டத் தொடங்கினேன். வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துகிறது, ஒரு வாய் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்று. அவள் பையைப் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளே இருந்தபடியே பதில் சொன்னாள்: "ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பாவே இல்லம்மா. தண்ணி குடிச்சா போவணும்ல."

பாட்டிலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். உன் கதை ஞாபகத்துக்கு வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. அந்தக் கதை எனக்கு இப்போதுதான் புரிகிறது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்று சொல்லிக்கொள்ள நா கூசுகிறது.

குறியீடு தேடும் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவளே நீதான். பாண்டிச்சேரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த நாட்களில், ஹாஸ்டல் சாம்பாரில் காய் இல்லையென்றால், "இது நவீன மனுஷனோட வெறுமைடி" என்பாய். வகுப்பில் கதை நடத்தினால் காகம் என்றால் சாவு, ஜன்னல் என்றால் விடுதலை என்று முந்திக்கொள்வாய். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதை வைத்து எனக்கு வேலை கிடைத்தது. நீ மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டு, பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியதும் மாமியாரோடு உப்பு வாரப் போனாய். சில வருஷம் கழித்து நாங்களும் அதே ஊரில், ரோட்டோரமாக வீடு கட்டினோம். மொட்டை மாடியில் நின்றால் நீ வேலை செய்த அளத்தின் உப்புப் பாத்திகள் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்த கையோடு, கதை எழுதியிருக்கிறேன் என்று வந்தாய். வாசலிலேயே பாத்ரூம் எங்கே என்று கேட்டாய். வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடி குடித்தாய். இன்னொரு சொம்பு கேட்டாய். கதை எழுதினால் இவ்வளவு தாகமா எடுக்கும் என்று நான் கேலி செய்தேன். நீயும் சிரித்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த காகிதங்களைக் கொடுத்தாய்.

சின்னக் கதைதான். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி தினமும் விடியலில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போகிறாள். உதடு வெடிக்க வெடிக்க உப்பு வாருகிறாள், ஆனால் குடத்தைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்ததும் அப்படியே தூக்கி வந்து வீட்டு முருங்கை மரத்துக்கு ஊற்றுகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று நீ எழுதவில்லை. எழுதக் கூச்சப்பட்டிருப்பாய். படிக்கிறவள் பெண்ணாக இருந்தால் போதும், புரிந்துவிடும் என்றும் நினைத்திருப்பாய்.

கதை பத்திரிகையில் வந்ததும் நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். பேசியது நான். குடம் என்பது கருப்பை என்றேன். வெள்ளை உப்பு கைம்பெண்ணின் சேலை என்றேன். முருங்கைக்கு வந்தபோது, அது அவளுடைய அடக்கிய ஆசை என்று நெளிவு சுளிவாகச் சொன்னேன். முன்வரிசை ஆண்கள் ரசித்துச் சிரித்தார்கள். உன்னோடு அளத்தில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. இவர்களுக்கு இலக்கியம் எட்டாது என்று நினைத்துக்கொண்டேன். இதை உன்னிடம் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெளியே டீக்கடையில் நன்றாகப் பேசினேன் என்று பாராட்டினாய். அப்புறம் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாய்:

"ஆனா அவ ஏன் தண்ணி குடிக்கலன்னு யாருமே கேக்கலியேடி."

நான் உன் தோளைத் தட்டி, அதைச் சொல்லாமல் விட்டதுதான் கதையின் அழகு என்றேன். நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

பிறகு உனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. நீர்க்கடுப்பு என்றாய், வெயில் சூடு என்றாய். கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "கிட்னி ரெண்டும் போயிடுச்சின்னு சொல்லிட்டாங்கக்கா." நம் ஊர்த் தண்ணீரே அப்படி என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தாகத்தை அடக்கியதால்தான் போனாய் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரங்கல் கூட்டத்திலும் நான்தான் பேசினேன். நிறைகுடம் தளும்பாது என்பார்கள், அதற்கு இவளே சாட்சி என்று உன்னைப் புகழ்ந்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த அளத்தில் ஒதுங்க ஒரு செடி கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளும் லாரியும் தெரியும். மழை வருகிறதென்றால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுகிறார்கள். இதையெல்லாம் மாடியில் துணி காயப்போட்டபடி தினமும் பார்த்தவள் நான். நீ என் வீட்டுக்கு வந்து, பாத்ரூம் போய், இரண்டு சொம்பு குடித்துக் காட்டிவிட்டுத்தானே கதையைக் கொடுத்தாய். இதற்கு மேல் எப்படிச் சொல்வாய்? அடிக்கடி வந்துபோடி என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மகளின் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். மறுநாளே தாழ்ப்பாள் வந்துவிட்டது. என் மகளுக்கு என்றதும் எனக்கு எந்தக் குறியீடும் தோன்றவில்லை, பார்த்தாயா.

எங்கள் தோட்டத்தில் ஒரு கழிப்பறை உண்டு, உனக்குத் தெரியும். வீடு கட்டும்போது கொத்தனார்களுக்காகப் போட்டது. அப்புறம் பூட்டியே கிடந்தது. அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். உள்ளே புதுத் தாழ்ப்பாள் போட்டு, அளத்துக்குப் போகும் பெண்களிடம் ரோட்டில் நின்று சொன்னேன். அவர்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

நேற்று மதியம் ஒருத்தி வந்தாள். அன்று நூலகத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். போய்விட்டு வந்து தண்ணீர் கேட்டாள். நின்றபடியே குடித்தாள், இன்னொரு சொம்பு கேட்டாள். "நீ நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு என்னடி தகுதி இருக்கிறது? சொம்பைக் கழுவாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். நீ குடித்ததும் இதே சொம்பில்தான்.